சேவலுக்கு ஒரு சாட்சி

"கோழி, சேவல் எதுவும் எல்லை தாண்டக் கூடாது பெரியவரே. நோய் பரவுது," என்றார் சாம்பியா எல்லைச் சாவடி அதிகாரி.

கலிலொம்பே கக்கத்திலிருந்த சேவலை இன்னும் இறுக்கினார். மலாவியிலிருந்து கோட்டும் டையுமாகக் கிளம்பி வந்தவர். தங்கை மகன் லிம்பானிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் சிபாட்டாவில் பெண் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் தன் கையால் சேவலைக் கொடுத்து, பெண் வீட்டார் பெட்டைக்கோழியைக் கொடுத்தால்தான் நிச்சயம். அதுவும் சொந்த வீட்டில் வளர்ந்த சேவலாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கியதை நீட்டினால் குடும்ப மானம் என்ன ஆவது?

"இது செல்லப்பிராணி," என்றார் விறைப்பாக.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. பேரு?"

காலையிலிருந்து அவர் வாயில் ஒரே பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. "லிம்பானி."

வரிசையில் பின்னால் துணி மூட்டையோடு நின்ற ஒரு பருத்த அம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

"எங்கே தூங்கும்?"

"என்... கட்டில்ல."

"தடுப்பூசி போட்டாச்சா?"

கால்நடை மருத்துவர் அறை பக்கத்திலேயே இருந்தது. ஊசி இறங்கியதும் சேவல் தன் எதிர்ப்பை அவர் கோட்டின் மேலேயே தெரிவித்தது.

"வளர்க்கிறீங்கன்னு ஒருத்தர் சாட்சி சொல்லணும். சொந்தக்காரங்க சாட்சி செல்லாது," என்றார் அதிகாரி, அவர் சாவடிக்குத் திரும்பியதும்.

மூட்டை அம்மாள் முன்னால் வந்தாள். "நான் சொல்றேன் சார். அது இவருக்குப் பிள்ளை மாதிரி. மக்காச்சோளக் களியை அதுக்கு ஊட்டிட்டுத்தான் இவர் வாயில வைப்பார். போன மழைக்கு அதுக்குச் சளி பிடிச்சப்போ மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாரு."

"நான் அழலை!"

அதிகாரியின் பேனா நின்றது. "அழலையா?"

"...கொஞ்சம் அழுதேன்."

"ராத்திரி தாலாட்டு வேற!"

"போதும்மா!"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டு விஷயமெல்லாம் தெரியுதே. நீங்க சொந்தமா?"

கலிலொம்பேவுக்குப் பொறுக்கவில்லை. "இந்த அம்மாவா? எங்க வம்சத்துக்கும் இவங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இனிமேலும் இருக்காது! எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

பெண் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உறவெல்லாம் கூடியிருந்தது. கோட்டுக் கறையைச் சேவலால் மறைத்தபடி, தலை நிமிர்ந்து நுழைந்தார் கலிலொம்பே.

"எங்க வீட்டுச் சேவல் வந்திருக்கு. யார் வாங்கிக்கிறீங்க?"

"பொண்ணோட பெரியம்மாதான். இந்த வீட்ல அவங்க வச்சதுதான் சட்டம். துணி வாங்க மலாவி போயிருந்தாங்க, இப்பத்தான் வந்தாங்க."

பெட்டைக்கோழியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் பருத்த அம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னு முத்திரையே குத்தியாச்சே. அப்புறம் எதுக்குச் சம்பந்தி, லிம்பானியைத் தூக்கிட்டு நிக்கிறீங்க?"