மூசாங்கும் என் வயிற்றெரிச்சலும்

பொறாமை எல்லாருக்கும் வரும். சிலருக்குக் காரைப் பார்த்து வரும், சிலருக்குப் பதவியைப் பார்த்து வரும். எனக்குப் பக்கத்து வீட்டுச் சந்திரனின் வாழைத்தாரைப் பார்த்து வந்தது.

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் எங்கள் இருவர் வீடும் ஒட்டியே இருக்கின்றன. பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம். ஒரே மண், ஒரே மழை. ஆனால் அவன் நட்டால் தார் தரையைத் தொடும். நான் நட்டால் இலை மட்டும் வரும். ("சாப்பாட்டு இலைக்கு ஆச்சே, அண்ணே!" என்று ஆறுதல் வேறு சொல்வான். பற்றிக்கொண்டு வரும்.)

மகளுக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்த சமயம், அதிசயமாக என் மரமும் ஒரு ராஸ்தாளித் தார் தள்ளியிருந்தது. சீர்த்தட்டில் என் பழம்தான் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

"சந்திரன்கிட்ட கேட்டா நல்லதா ரெண்டு சீப்பு குடுப்பாரு. எதுக்குங்க இந்த வீம்பு?" என்றாள் மனைவி.

"என் பொண்ணு தட்டுல அவன் பழமா? நடக்காதுலா!"

தார் மஞ்சள் கட்டியதும் மூசாங் வந்தது. நரி முகமும் பூனை உடம்புமாகப் பழத்துக்கு அலைகிற மரநாய். காலையில் போய்ப் பார்த்தால் வெறும் தோல் தொங்கும். சந்திரன் தன் தாரை அரிசிச் சாக்கில் மூடிக் கட்டியிருந்ததால் அங்கே ஒரு பழம்கூடக் குறையவில்லை. நானும் சாக்கு கட்டியிருக்கலாம். அவனைப் பார்த்துச் செய்ததாகிவிடுமே!

"நல்ல காரியம் நடக்கப்போற வீடு. விஷம் கிஷம் வச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்" என்று மனைவி எச்சரித்தாள். எனக்கும் அது சாக வேண்டும் என்றில்லை, சந்திரன் பக்கம் போனால் போதும். அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு மாட்டினேன். வாழையைச் சுற்றி வழுக்குகிற தகரம் கட்டினேன். ரேடியோகூடப் பாட விட்டேன். பழம் குறைந்துகொண்டேதான் போனது.

இது போதாதென்று தினமும் பொழுது சாய்ந்தால், கேக்கில் மணத்துக்குப் போடுகிற பாண்டான் இலை வாசம். சந்திரன் மனைவி கேக் சுடுகிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு துண்டாவது இந்தப் பக்கம் வந்ததா? இல்லை. வாசத்தை மட்டும் அனுப்பி வெறுப்பேற்றுகிறார்கள் என்று கொதித்தேன்.

நிச்சயதார்த்தக் காலையில் மிஞ்சியது ஒரு சீப்பு, அதுவும் பாதிக் காய். அதைத்தான் தாம்பாளத்தில் வைத்து முன்வரிசையில் நிறுத்தினேன். கடல் பாலம் தாண்டி அக்கரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலறியது. தட்டு மாற்றப் போகிற நேரத்தில் சம்பந்தி மூக்கை உறிஞ்சினார்.

"பாண்டான் வாசம் தூக்குதே சம்பந்தி! கேக்கெல்லாம் எதுக்குலா?"

"நம்ம வீட்ல இல்ல சம்பந்தி, பக்கத்து வீட்ல. தெனம் சுடுவாங்க. ஒரு துண்டு குடுக்க மனசு வராது" என்றேன் சத்தமாக.

சம்பந்தி கண்ணைக் காட்ட, திரும்பினேன். என் பின்னால் சந்திரனும் அவன் மனைவியும் நின்றிருந்தார்கள். அவன் கையில் தாம்பாளம், அதில் தங்க நிறத்தில் இரண்டு சீப்பு ராஸ்தாளி. (என் மனைவி ரகசியமாகக் கேட்டிருக்கிறாள்.)

"நாங்கதான் இங்க நிக்கிறோமே, அண்ணே. அங்க யாரு கேக் சுடுறா?" என்றாள் சந்திரன் மனைவி.

சந்திரன் மோந்து பார்த்துவிட்டு மேலே கைகாட்டினான். "அண்ணே, அது மூசாங் வாசம். பாண்டான் மாதிரியேதான் அடிக்கும். ஒங்க சீலிங்லதான் குடியிருக்கு."

என் கூரையிலிருந்து நேராக என் தாரில் இறங்கியிருக்கிறது! நான் தகரம் கட்டியது தரையிலிருந்து ஏறாமல் இருக்க. நாதஸ்வரச் சத்தத்தில் மிரண்டதோ என்னவோ, தலைக்குமேல் தடதடவென்று ஓட்டம். சீலிங் பலகை ஒன்று பிளந்தது. தூசியும் காய்ந்த வாழைத்தோலும் என் தாம்பாளத்தில் கொட்டின. ஓட்டை வழியே ஒரு வால் தொங்கியது. நான் ஒரே பாய்ச்சலில் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

சந்திரன் தட்டைத்தான் மாற்றினார்கள்.

மேலே குட்டிகள் இருந்தன. தாய் அவற்றைக் கவ்விக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து, கூரை ஓட்டையைக் கம்பிவலை போட்டு அடைத்துக் கொடுத்தவனும் சந்திரன்தான். அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

பலகை பிளந்த நொடியில் எடுத்த படம் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. எல்லாரும் வாயைப் பிளந்து மேலே பார்க்க, சந்திரன் மட்டும் தாம்பாளத்தோடு கம்பீரமாகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். வருகிறவர்கள் எல்லாம், "இவருதான் பொண்ணோட அப்பாவா?" என்று கேட்கிறார்களாம். எங்கள் வீட்டிலும் அதுவே அவன் பெயராகிவிட்டது. "பொண்ணோட அப்பா வந்திருக்காரு, காப்பி போடும்மா" என்று மகளே கூப்பிடுகிறாள்.

அது பரவாயில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா, எனக்குப் போட வேண்டிய சம்பந்தி மாலையை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சந்திரன் கழுத்தில் போட்டார். அவன் கழற்றித் தருவதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அந்த மாலை அவனுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.