தாடையும் தாடியும்

என் மனைவி மொய்ரா தன் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளக் கூடாது. இது என் முடிவு. யார் வந்து சொன்னாலும் மாறாத முடிவு. இதை நான் முதன்முதலில் உரக்கச் சொன்னது எங்கள் நாயிடம். நாய் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது.

என் பெயர் நெவில். டல்லாரா வட்டாரத்தில் ஆடுகளுக்குக் கம்பளி வெட்டும் கூட்டம் ஒன்றுக்கு நான் மேஸ்திரி. ஒரு காலத்தில் நானே வெட்டினேன். முதுகு போன பிறகு மற்றவர்களை வெட்டச் சொல்லி விரட்டுகிறேன். பண்ணை பண்ணையாகப் போவோம். ஆட்களுக்குச் சமையல் மொய்ரா. கொட்டகைக்குள் நான் சொன்னதுதான் சட்டம். கொட்டகைக்குப் பக்கத்திலேயே சமையலறை இருக்கிறது. அந்தச் சட்டம் அங்கே செல்லாது.

மொய்ராவுக்குச் சதுர முகம். நெற்றி எவ்வளவு அகலமோ தாடையும் அவ்வளவு அகலம். தச்சன் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் தலையாட்டுவான். அது அவள் அப்பா வழிச் சொத்து. அவர்கள் வீட்டில் பூனைக்குக்கூட அந்தத் தாடைதான். பள்ளிக்கூடத்தில் யாரோ 'பெட்டி மூஞ்சி' என்று கூப்பிட்டார்களாம். அன்றிலிருந்து முகத்தின் இரண்டு பக்கமும் கூந்தலைத் தொங்கவிட்டுத் திரை போட்டுக்கொண்டாள்.

அந்தத் திரையால் எனக்கு எவ்வளவு நன்மை தெரியுமா? கோபம் வந்தால் மொய்ரா தாடையை இறுக்குவாள். திரைக்குப் பின்னால் இறுக்கினால் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத கோபத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? துணிந்து எதிர்த்துப் பேசிவிடுவேன். பத்துச் சண்டையில் ஒன்றாவது ஜெயிப்பேன். திரை போனால் அந்த ஒன்றும் போச்சு. ஒரு ஆண்மகனுக்குப் பத்தில் ஒன்றுகூட வேண்டாமா?

வினை, டல்லாரா கண்காட்சிச் சங்கத்தின் வடிவில் வந்தது. வருஷா வருஷம் மாடு, பூசணிக்காய், கேக் எல்லாவற்றுக்கும் பரிசு கொடுக்கிற சங்கம் அது. மொய்ராவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதல் பெண் தலைவி. சங்க மண்டபத்துச் சுவரில் இதுவரை இருந்த தலைவர்கள் வரிசையாகத் தொங்குகிறார்கள். எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் தாடை. அந்த வரிசையில் மாட்ட மொய்ராவைப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு.

"நெவில், நான் முடிய வெட்டிக்கப்போறேன்."

"நுனியையா?"

"வேரு மட்டும்தான் மிஞ்சும்."

நான் வாயால் சண்டை போடவில்லை. ஆதாரத்தோடு போட்டேன். அவள் வாங்கும் பத்திரிகையிலேயே, எந்த முகத்துக்கு எந்த முடி என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள்.

"இந்தா கேளு. சதுர முகம். முடி தாடையோட வந்து நிக்கக் கூடாதாம். நெத்தியில கோடு போட்ட மாதிரி நேரா வெட்டக் கூடாதாம். பாக்குறவங்க கண்ணு தாடைக்குப் போகாமப் பாத்துக்கணுமாம். நானா சொல்றேன்? பத்திரிகையே சொல்லுது, மொய்ரா. மறை!"

"அடுத்த பக்கத்தத் திருப்பு."

திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. அங்கே ஒரு சதுர முகக்காரி. உச்சியில் முடி உயரமாக, நெற்றியில் சாய்வாக, காதோரம் ஒட்ட வெட்டி, பிடரி பளிச்சென்று இருந்தது.

"சதுர முகத்துக்குக் குட்டை முடி இப்படித்தான். உச்சியில தூக்கணும், பக்கத்துல ஒட்ட வெட்டணும். அது போதும்."

"இதுல தாடை தெரியுதே!"

"தெரியட்டும். சுவத்துல தொங்குற அத்தனை பேரும் தாடையக் காட்டிட்டுத்தான் தொங்குறாங்க. 'ஐயா, உங்க தாடை கொஞ்சம் முரடா இருக்கு, ஓரத்துல ரெண்டு சுருள் தொங்கவிட்டுக்குங்க'ன்னு எவனாச்சும் அவங்ககிட்டச் சொன்னானா? நான் மட்டும் திரைக்குப் பின்னால இருந்து எட்டிப் பாக்கணுமா? முடியாது போ!"

அவள் போனதும் நாய் என்னைப் பார்த்தது. நான் தோற்கவில்லை என்று நாயிடம் சொன்னேன்.

டல்லாராவில் முடி வெட்டும் கடை ஒன்றே ஒன்று. லொரெய்ன் நடத்துகிறாள். ஊரில் எல்லாத் தலையும் அவள் கையில்தான். மறுநாளே போனேன்.

"லொரெய்ன், ஒரு உதவி. மொய்ரா வந்து கேட்டா, சதுர முகத்துக்குக் குட்டை முடி ஆகவே ஆகாதுன்னு சொல்லிடு."

"ஏன் நெவில்? நல்லா வெட்டுனா பிரமாதமா இருக்குமே."

"அதான் பயமே."

லொரெய்ன் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே என் தாடியைப் பார்த்தாள். நெஞ்சு வரைக்கும் தொங்கும் தாடி. என் உச்சந்தலையில் அறுவடை என்றோ முடிந்துவிட்டது. இருக்கிற முடியெல்லாம் கீழேதான்.

"அது கெடக்கட்டும். உங்க தாடிக்குள்ள என்ன இருக்கு?"

"தாடைதான். மொய்ராவோடது என்ன தாடை? என்னுது இரும்பு."

"பாத்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல பாத்தேன்."

"இன்னும் அங்கயே இருக்கான்னு எப்படித் தெரியும்?"

இந்த மாதிரிப் பெண்களிடம் பேசிப் பயனில்லை என்று வந்துவிட்டேன். மொய்ராவுக்கே தெரியாத தாடை அது. அவள் என்னைப் பார்த்ததும் தாடியோடுதான், கட்டிக்கொண்டதும் தாடியோடுதான்.

அந்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வேலை. வெட்டுகிறவர்கள் மூன்று பேர்: டார்சி, நியூசிலாந்துக்காரன் வைரெமு, கோல் என்கிற கிழவன். வெள்ளிக்கிழமை காலையில் மழை பெய்து ஆடுகள் நனைந்துவிட்டன. நனைந்த ஆட்டுக்குக் கம்பளி வெட்டினால் வெட்டுகிறவனுக்கு மூட்டு வலி, கொப்புளம் எல்லாம் வரும். அதனால் எங்கள் கொட்டகைகளில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு இரண்டு ஆட்டுக்குக் கம்பளி வெட்டிப் பார்ப்பார்கள். பிறகு 'ஈரம்' அல்லது 'காய்ஞ்சது' என்று சீட்டில் எழுதித் தொப்பியில் போடுவார்கள். ரகசிய ஓட்டு. ஈரம் என்று வந்தால் வேலை நின்றது. பண்ணைக்காரன் தலைகீழாக நின்றாலும், மந்திரியே வந்து கெஞ்சினாலும் அந்த ஓட்டு மாறாது.

அன்றைக்கு மூன்றும் ஈரம். பண்ணைக்காரன் வானத்தைத் திட்டிக்கொண்டே போனான். ஆட்கள் சாப்பாட்டு மேஜையில் சீட்டாட உட்கார்ந்தார்கள். மொய்ரா சூடாகப் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"இந்த முடி வெவகாரம் நம்ம ரெண்டு பேருக்குள்ள தீராது நெவில். உனக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு. எப்படித் தீரும்?"

சொல்லிவிட்டுக் காலையில் ஓட்டுப் போட்ட தொப்பியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. முழுக்க முழுக்க என் சொந்த யோசனை.

ஒவ்வொருவனாகக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"டார்சி, ஓட்டு வந்தா நீ யாரு பக்கம்?"

"ஸ்கோன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மேஸ்திரி."

"ஒரு பெட்டி பீர் தர்றேன்."

"மேஸ்திரி, நான் என்னைக்கு உங்க பேச்சத் தட்டியிருக்கேன்?"

வைரெமு கொஞ்சம் இழுத்தான். "எங்க அம்மாவுக்கும் குட்டை முடிதான் மேஸ்திரி."

"சதுர முகமா?"

"இல்ல. கோவமான முகம்."

"அதான்டா சொல்றேன். என் நெலமை உனக்குப் புரியும்."

புரிந்தது. அவனுக்கும் ஒரு பெட்டி. கோல் தொழிற்சங்கத்தில் ஊறியவன், லஞ்சம் வாங்க மாட்டான். அதனால் அவனுக்கு அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். மூன்று ஓட்டும் என் பையில். நேராக மேஜைக்கு வந்து தட்டினேன்.

"மொய்ரா! வெளிய வா. ஓட்டுப் போட்டுத் தீத்துரலாம். கொட்டகைச் சட்டப்படி!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கொட்டகைச் சட்டப்படியா?"

"அப்படியே. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"எல்லாரும் கேட்டீங்கல்ல? நெவில், கை குடு."

கொடுத்தேன். குலுக்கினாள். எனக்கு அவள் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. கோல் பென்சிலை எச்சில் தொட்டு எழுதப் போனான்.

"பென்சிலக் கீழ வையி கோல். ரெண்டு வெட்டியாச்சா?"

"எது ரெண்டு?"

"காலையில வெட்டிப் பாக்காமலா ஈரம்னு எழுதுனீங்க? ரெண்டு வெட்டிட்டுத்தான ஓட்டு? இங்கயும் ரெண்டு வெட்டணும். அப்புறமா நல்லாருக்கா இல்லையான்னு எழுதுங்க. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு?"

நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. இந்த ஆட்களுக்குத் தெய்வ நிந்தனை பொறுக்கும், கொட்டகைச் சட்டத்தை மீறுவது பொறுக்காது. கோல் பென்சிலை மேஜையில் வைத்தான்.

"அவங்க சொல்றது நியாயம் மேஸ்திரி. வெட்டாம ஓட்டுப் போட்டா அது ஓட்டே இல்ல."

"வெட்டினதுக்கப்புறம் ஓட்டுப் போட்டு என்னடா பிரயோஜனம்?"

"அது சட்டத்துக்குத் தெரியாது மேஸ்திரி."

இன்னொரு தலைக்காகச் சுற்றிலும் பார்த்தார்கள். டார்சி மொட்டை. வைரெமு ஒட்ட மழித்தவன். கோல் தொப்பியைத் தூக்கிக் காட்டினான், முட்டை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கும்தான் தலையில ஒண்ணும் இல்லியே!" என்றேன்.

"கம்பளி எங்க இருக்கோ அங்க வெட்டலாம்," என்றான் கோல். "சட்டத்துல எடம் சொல்லல."

வாசலில் கார் வந்து நின்றது. லொரெய்ன் பெட்டியோடு இறங்கினாள்.

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"நான்தான்," என்றாள் மொய்ரா. "மழை பேஞ்சா வேலை நிக்கும்னு எனக்குத் தெரியாதா? வேலை நின்னா உனக்கு யோசனை வரும்னு தெரியாதா?"

முதலில் மொய்ரா உட்கார்ந்தாள். கூந்தல் கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தது.

"தாடையோரம் மட்டும் கொஞ்சம் மெல்லிசா விடட்டுமா?" என்று கேட்டாள் லொரெய்ன்.

"எதுக்கு? நான் என்ன திருடியா வெச்சிருக்கேன்? காது தெரியட்டும், தாடை தெரியட்டும். உச்சியில மட்டும் நல்லாத் தூக்கிவிடு."

எழுந்து நின்றாள். உச்சியில் முடி நிமிர்ந்து நின்றது. நெற்றியில் சாய்வாக ஒரு கற்றை. அதற்குக் கீழே, இத்தனை வருஷமாக ஒளித்து வைத்த அந்தத் தாடை, வெளிச்சத்தில். மண்டபத்துச் சுவரில் இருக்கிற அத்தனை கிழவர்களும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. பிடித்தது என்று செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அந்த நிமிஷமே முடிவெடுத்தேன்.

பிறகு நான். பயப்படவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். தாடை என்றால் என்ன என்று இன்றைக்கு இவர்கள் எல்லாரும் பார்க்கட்டும்! மெஷின் உறுமியது. தாடி மடியில் விழுந்தது. லொரெய்ன் மெஷினை நிறுத்தினாள். டார்சி குனிந்து, மடியில் கிடந்த முடியைக் கிளறிப் பார்த்தான்.

"என்னடா தேடுற?"

"மீதிய, மேஸ்திரி."

லொரெய்ன் கையிலிருந்த முகக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தேன். உதடு இருந்தது. உதட்டுக்குக் கீழே கழுத்து இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியதைக் காணோம்.

"இப்ப ஓட்டு," என்றாள் மொய்ரா. தொப்பி சுற்றி வந்தது. கோல் படித்தான். மொய்ராவின் முடி: நல்லாருக்கு, நல்லாருக்கு, நல்லாருக்கு.

"டேய், என் பீர்!"

"பீர் தர்றேன்னுதான சொன்னீங்க, இன்னும் தரலியே," என்றான் வைரெமு.

"ரெண்டு வெட்டியாச்சு, ரெண்டாவதுக்கும் ஓட்டு உண்டு," என்றான் கோல். சட்டம் தெரிந்தவனோடு வாழ்வது கொடுமை. மறுபடி தொப்பி. மறுபடி படித்தான்.

"ஈரம். ஈரம். ஈரம்."

அதாவது, இந்த ஆட்டில் கை வைத்திருக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க ஆள் வந்தான். மண்டபத்துச் சுவருக்கு மொய்ராவைத் தனியாக ஒன்று எடுத்தான். அவள் தாடையை இறுக்கிக்கொண்டு பார்த்த பார்வையில் அவனே ஒரு அடி பின்னால் போனான். "அடுத்தது ஊர்ப் பத்திரிகைக்கு. கணவரும் பக்கத்துல வந்து நில்லுங்க," என்றான்.

நான் போய் நின்றேன். தலை நிமிர்ந்து நின்றேன். என் முகம், என் உரிமை. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

மொய்ரா என்னைப் பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பெண்கள் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்து வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று கடைசிவரை புரட்டினாள். பிறகு மூடினாள்.

"உன்னுது போடல நெவில்."

தன் கழுத்தில் இருந்த பூப்போட்ட ஸ்கார்ப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"பாக்குறவங்க கண்ணு தாடைக்குப் போகாமப் பாத்துக்கணும். நானா சொல்றேன்? பத்திரிகையே சொல்லுது. மறை!"

மறைத்தேன்.