தையல்காரரின் குடை

உயிரே போனாலும் கைத்தடியைத் தொடுவதில்லை என்று தையல்காரர் சபதம் எடுத்தார்.

சர்க்கரை அவருடைய கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டிருந்தது. பாதத்துக்கடியில் இருப்பது தரையா தலையணையா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது. டாக்டர் தடி ஊன்றச் சொன்னார். மனைவி அன்றே ஒன்று வாங்கிவந்து கதவோரம் சாத்திவைத்தாள்.

தடியோடு போனால் எவன் துணி கொடுப்பான், எதிர்க்கடைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம் என்று அவர் முறைத்தார்.

உண்மையான பயம் வேறு. மரத்துப்போவது விரல்களுக்கும் ஏறியிருந்தது. ஊசி குத்தியதே சட்டையில் ரத்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாளே கடைக்குப் பூட்டு. அப்புறம் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மூளை அப்போதுதான் வேலை செய்தது. பரண்மேல் கிடந்த நீளக் குடையை இறக்கச் சொன்னார். வெயில் தாங்கவில்லை, இனி குடையில்லாமல் வெளியே கால் வைக்கமாட்டேன் என்று அறிவித்தார். மனைவி உடனே தலையாட்டினாள். கம்பி ஆடுகிறது என்று வாங்கிப்போய், சரிசெய்து, கைப்பிடி வழுக்காமல் துணியும் சுற்றிக் கொடுத்தாள். கதவோரத் தடியையும் காணோம். தோற்றுப்போய் ஒளித்துவைத்துவிட்டாள் என்று அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

கொளுத்தும் வெயிலில் மடக்கிய குடையோடு வியர்க்க விறுவிறுக்க நடந்தார். விரித்தால் எதை ஊன்றுவது?

ஒரு மாலை மனைவி கடைக்கு வந்திருந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கிளம்பலாம், குடையை விரியுங்கள் என்றாள். அவர் அழுத்தினார், இழுத்தார், பல்லைக் கடித்தார். குடை அசையவில்லை.

"விரியாதுங்க. உள்ள இருக்கறது நான் வாங்கின தடி. மேல குடைத் துணியைச் சுத்தித் தைச்சிருக்கேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. ஏமாந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"கைப்பிடியப் பாருங்க."

விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். கன்னாபின்னாவென்று கோணல் தையல். உள்ளங்கை பதியும் இடத்தில் மிளகு மிளகாக முடிச்சுகள்.

"வேணும்னேதான் போட்டேன். உங்க விரல் மேல எனக்குச் சந்தேகம். அடுத்தவங்க தையலுக்கு அந்தக் குதி குதிக்கற மனுஷன், இந்த முடிச்சு கையில உறுத்தினதும் என்னைத் திட்டுவீங்கன்னு தினம் காத்திருந்தேன். நீங்க திட்டவே இல்ல."

அவர் தலை நிமிரவில்லை. கடை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் மேசையிலிருந்து பாதியில் நின்ற சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"கடையெல்லாம் மூட வேணாம். கைத்தையல் இனிமே என்னோடது. கோணலாத்தான் வரும். பக்கத்துல உக்காந்து திட்டுங்க. அதுக்கு விரல் வேணாம்."