முடிச்சுக்குள் ஒரு சக்கரவர்த்தி

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம அன்னூர்க் கோயிலுக்குப் போலாமுங்க. வேண்டுதல் நெறவேறிருச்சு."

செவ்வந்தி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். இட்லி பிட்டுக்கொண்டிருந்த அங்கப்பன் சட்டென்று நிமிர்ந்தான்.

வேண்டுதலே அவனைப் பற்றியதுதான். பழைய நாணயம் வாங்க மாதம் நூறு ரூபாய். அதற்கு மேல் கூடாது. அரை வருடம் அவன் மீறாமல் இருந்தால் குலதெய்வத்துக்குக் காணிக்கை என்று பதினொரு ரூபாயை முடிந்து வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு முன்பு, கோட்டைமேட்டில் பழங்காசுக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் பாய் ஒரு வெள்ளிக் காசை அவன் உள்ளங்கையில் வைத்தார். ரோமானியச் சக்கரவர்த்தியின் தலை. ஓரத்தில் பிறை போல ஒரு வெட்டு.

அங்கப்பன் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் நூலை எடை போடுபவன். இந்த எடையை எதில் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாயிரம் வருடம். கடல், பாலக்காட்டுக் கணவாய், மாட்டுவண்டி, யார் யாருடைய மடியோ. இப்போது இந்தக் கை.

விலை தொள்ளாயிரம். போனஸ் போயிற்று.

வீட்டில் செவ்வந்தி துழாவாத இடம் ஒன்றுதான். சாமி முடிச்சை யாரும் பிரிக்க மாட்டார்கள். துணியின் மடிப்பில் அன்றே காசை நுழைத்துவிட்டான். இப்போது எப்படியாவது அதை எடுத்தாக வேண்டும்.

"முடிச்ச நான் கொண்டாரேன், அம்மணி."

"வேண்டிக்கிட்டவ கையிலதானுங்க இருக்கோணும்."

"லூசா இருக்குதே. பிரிச்சு நல்லாக் கட்டித் தாரேன்."

"அட, ஆமாங்க."

அவளே நூலை எடுத்து, இன்னும் மூன்று முடிச்சு இறுக்கினாள்.

பஸ்ஸில் மறுபடி முயன்றான். "பதினோரு ரூபா கம்மியில்ல? இந்த நூறையும் உள்ள வெக்கலாம். பிரி."

அவள் கண் கலங்கியது. "உங்களுக்கா இத்தன பக்தி! தனியாவே போடலாமுங்க."

கோயிலில் முதலில் நூறு உண்டியலில் விழுந்தது. அது அந்த மாதத்து நாணயப் பணம். அடுத்து முடிச்சு உண்டியலின் வாய்க்கு மேலே போயிற்று.

"செவ்வந்தி, நில்லு! லிமிட்ட மீறிப்போட்டேன்."

"எவ்வளவுங்க?"

"தொள்ளாயிரம்."

"காசு எங்கீங்க?"

அவன் முடிச்சைக் காட்டினான். அவள் துணியின் மேல் விரலால் தடவினாள். உள்ளே ஒரு மூக்கு தட்டுப்பட்டது. முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமிக்கு முடிஞ்சதுல வெச்சுப்போட்டா அது சாமி காசுங்க. நான் எப்படித் திருப்பித் தாரது?"

உண்டியலுக்குள் 'ணங்' என்றது.

"இனி லிமிட்டு அம்பதுங்க."

பங்குனியில், ஐம்பது ரூபாயோடு பாய் கடைக்குப் போனான். அவர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். அதே தலை. அதே பிறை வெட்டு.

அங்கப்பனுக்குப் புல்லரித்தது. சாமியே திருப்பிக் கொடுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, காசைப் பார்த்துக் கைகூப்பினான்.

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதே காசை உங்க கோயில் உண்டியல் காசு ஏலத்துல மூணாவது வாட்டியா எடுத்துருக்கேன், தம்பி. நீங்களும் சாமி முடிச்சுலதான் ஒளிச்சீங்களா? உங்களுக்கு முன்னால இதை வாங்குன உங்க பங்காளிக ரெண்டு பேரும் அங்கதாங்க ஒளிச்சாங்க!"