தாலிக்கு ரெண்டு வழி

எந்தக் காரியத்தையும் ஒரே வழியில் செய்யத் தெரியாத மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் அண்ணாமலை நகரில், எங்கள் லாட்ஜில், என் பக்கத்து அறையிலேயே இருந்து தொலைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஹால் டிக்கெட்டோடு சரி. எங்களுக்கு அவர் ரெண்டுவழி அண்ணன்.

கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அவர் சொல்லி முடிப்பதற்குள் மெஸ்ஸை மூடிவிடுவார்கள்.

"நாம பேசற பேச்ச துண்டு துண்டா நறுக்கி நெட்ல அனுப்பறோம்டா. டெலிபோன் ஒயர்ல பாதி, டேட்டா கார்டுல பாதி. ரெண்டு ரோட்ல வண்டி வுட்டா சீக்கிரம் போயிடும்ல?"

ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டாம். கெடு தாண்டி வருவது தங்கமாகவே இருந்தாலும் குப்பைக்குத்தான். "லேட்டா வந்த ஹலோவ வச்சிக்கிட்டு என்னா பண்றது? எதிர்ல இருக்கறவன் போனையே வச்சிட்டுப் போயிருப்பான்" என்பார்.

இந்தச் சட்டத்தை அவர் ஒயரோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். பரோட்டா வாங்க ஒருவன், சால்னா வாங்க வேறொருவன், ஆளுக்கொரு தெரு. பரோட்டா சூடாக வந்துவிடும். சால்னா போனவன் வழியில் யாரிடமாவது கிரிக்கெட் பேசிக்கொண்டு நிற்பான்.

"அண்ணே, பரோட்டா வெறச்சிப் போச்சுண்ணே. தின்னுடட்டுமா?"

"சால்னா வராம அது முழுசாவாதுடா. வெயிட் பண்ணு."

கடைசியில் சால்னா வந்தால், "கெடு தாண்டிடுச்சு, கொட்டு" என்பார். நாங்கள் கொட்டுவதுபோல் போய் கதவுக்குப் பின்னால் நின்று தின்றுவிட்டு வருவோம்.

அவருடைய ஆராய்ச்சிக்கும் இதே வியாதிதான். ஒயரில் வந்த பாதி, கார்டில் வர வேண்டிய பாதிக்காகக் காத்துக் கிடக்கும். அதற்குள் கெடு போய்விடும். "உன் மிஷின்ல வணக்கம் சொன்னா பாதி வணக்கந்தாம்பா வருது" என்று அவருடைய கைடு தலையில் அடித்துக்கொள்வார். வருஷங்கள் ஓடின. டாக்டர் பட்டம் மட்டும் வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் என் கல்யாணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் கொடுத்தேன். காதல் வந்தால் புத்தி போய்விடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பெண் கடலூர், வசந்தி. அவளுடைய அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஆயுசு முழுக்க வாய்தா கேட்பவர்களைப் பார்த்து வெறுத்துப்போனவர். அரை மனதாகச் சம்மதித்தபோதே சொல்லிவிட்டார்: "ஆனில இதாம்பா கடைசி முகூர்த்தம். தப்புச்சுன்னா ஆடி. அதுக்கப்புறம் எம்மனசு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. எங்கிட்ட வாய்தா கெடையாது." சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை ரெடியாக இருந்தான். கல்யாணத்தன்று பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தும்விட்டான், படுபாவி.

ரெண்டுவழி அண்ணன் எங்களையும் பாதி பாதியாகப் பிரித்துவிட்டார். "எல்லாரும் ஒரே ரோட்ல போயி, லாரி ஒண்ணு குறுக்க கவுந்தா என்னாடா பண்ணுவ மச்சான்?" நான், அப்பா, அம்மா, அவர் நால்வரும் காரில் புதுச்சத்திரம் வழியாக. அத்தையும் உறவுக்காரர்களும் சீர்த்தட்டுகளும் வேனில் வடலூர் வழியாக. நாங்கள் ஜம்மென்று கடலூர் மண்டபத்தில் போய் இறங்கினோம். ஐயர் தாலியைக் கேட்டபோதுதான் அது அத்தையின் மடியில் இருப்பது உறைத்தது.

அத்தைக்குப் போன் போட்டேன். "குறிஞ்சிப்பாடிகிட்ட ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கடா! கூட்ஸ் வண்டி குறுக்கால நிக்குது. போவவும் மாட்டேங்குது, வழி வுடவும் மாட்டேங்குது!"

வந்த பரோட்டா நான். வராத சால்னா தாலி. ஐயர் மந்திரத்தை ரப்பராக இழுத்தார். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டுச் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்தது. வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் சேலையில் சொட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது ரெண்டுவழி அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேடை ஏறினார். சட்டைப் பையிலிருந்து பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மஞ்சள் கயிறு, அதில் முடிந்த மஞ்சள் கிழங்கு.

"மஞ்சக் கெழங்கு கட்டுனாலும் தாலிதான். கட்டுப்பா!" என்று வசந்தியின் பெரியம்மா சத்தம் போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. கட்டிவிட்டேன். பட்டுச் சட்டை முதல் பந்திக்கு எழுந்து போனான்.

"எப்பண்ணே வாங்குனீங்க?"

"நேத்தே வாங்கிட்டேன்."

"அப்ப உங்க பாதி பாதி தியரி?"

"ஆராய்ச்சி ஊத்திக்கிட்டா திருப்பிப் பண்ணிக்கலாம். உங் கல்யாணத்துல வெளயாட முடியுமாடா?"

சொன்னவர், தலையெல்லாம் அட்சதையோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "மச்சான்! எல்லாத்தையும் பாதி பாதியா பிரிக்கக் கூடாதுடா! கெடு நெருங்குனத மட்டும் ரெண்டு ரோட்லயும் அனுப்பணும். மொதல்ல வர்றத எடுத்துக்க, பின்னால வர்றத தூக்கிப் போடு!"

இலையில் உட்காராமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார். பாயசம் பரிமாறும்போது அத்தை தாலியோடு வந்து சேர்ந்தார். மாமனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நகல் மொதல்ல வந்துடுச்சு, அசல் இப்பத்தான் ஆஜர்" என்று முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த சில மாதங்களில் அண்ணனின் மிஷின் முழு வணக்கம் சொன்னது. பட்டம் வாங்கினார். வேலை கிடைத்துத் தூர தேசம் போனார். ஒவ்வொரு கல்யாண நாளிலும் விடியும்போதே அவருடைய எஸ்.எம்.எஸ். வந்துவிடும். அதே வாழ்த்து, ஒரு வார்த்தை மாறாமல், தபால் கார்டிலும் வரும், ஆடி அசைந்து, நாலைந்து நாள் கழித்து. அவருடைய சட்டப்படி அதைத் தூக்கிப் போட வேண்டும். வசந்தி அந்த மஞ்சள் கிழங்கு இருக்கும் பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். தபால்காரர் வருகிறவரை எங்களுக்குக் கல்யாண நாள் முடிவதில்லை.