நாயகமண்ணையின் நீலத் திரை

இந்தக் கதையை நான் வருஷக்கணக்காக நம்பாமலே கேட்டு வந்திருக்கிறேன். சொன்னவர் பொய்க்காரர் என்பதற்காக அல்ல. கிறிஸ்துநாயகம் அண்ணைக்குப் பொய் சொல்ல வராது. சொல்லத் தொடங்கினால் காது சிவந்துவிடும். ஆனால் இந்தக் கதையின் முடிவில் அவர் தன் மனைவியை வென்றுவிடுகிறார். இடிக்கிற இடம் அதுதான். சிசிலியா அக்காவைத் தெரிந்த எவருக்கும் இடிக்கும். சம்பவம் நடந்தபோது நான் வேலை மாற்றத்தில் மன்னாரில் இருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்தது அவர் சொன்னது மட்டும்தான். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

நாயகமண்ணை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறி, ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கள்ளராகப் பார்த்துப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு வீட்டில் இருந்தது சிசிலியா அக்கா ஒருவர்தான். அண்ணை குழம்புச் சட்டியைத் திறந்து, "நேற்று ஒரு மீன் தலைத்துண்டு கிடந்ததெல்லோ, எங்கை?" என்பார். தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு பாவாடைக்கு இவ்வளவு துணி போகுமோ?" என்பார்.

அக்கா கொழும்புத்துறைக் கரையில் பேர்பெற்ற தையல்காரி. அவர் அளவு நாடாவை எடுப்பது ஒரு மரியாதைக்குத்தான். ஆள் படலையைத் திறந்து உள்ளே வருவதற்குள் கண்ணால் அளந்து முடித்துவிடுவார். ஒரு விரல் கூடிப்போச்சு, ஒரு விரல் குறைஞ்சு போச்சு என்று எவரும் துணியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் துணிக்கணக்குக் கேட்டால் என்ன நடக்கும்? சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அண்ணையின் பெரியப்பா வாசித்த ஸ்டீல் கிட்டார் ஒன்று பரணில் கிடந்தது. ஒருநாள் அதைத் தானே கண்டெடுத்ததாக அண்ணை சொல்வார். தூசி தட்டி, புதுக் கம்பி பூட்டி, அவர் வழக்கமாக இருக்கிற கதிரையிலேயே அது எப்படி வந்து கிடந்தது என்பதை அவர் விசாரிக்கவில்லை. வாழ்க்கையில் அவர் விசாரிக்காமல் விட்ட விஷயங்கள் இரண்டு. இது முதலாவது.

ஸ்டீல் கிட்டாரைத் தெரியாதவர்களுக்கு: மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு உருக்குத் துண்டைப் பிடித்து, கம்பியின் மேலே வழுக்கி வழுக்கி வாசிப்பது. சுரத்துக்கு முன்னால் ஒரு மயிரிழை நின்றாலும் அழும், தாண்டினாலும் அழும். கொழும்புத்துறையில் அதை வாசிக்கிறவர்களுக்கென்று ஒரு ரசிகர் வட்டம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். ஆழ்வாப்பிள்ளை அளவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, நாதஸ்வரத்தைத் தவில் இல்லாமல் கேட்கிற மாதிரித் தோடி வாசிப்பார். மயூரதன் கனடாவில் இருந்து திரும்பியவர். காலால் மிதிக்கிற பெடல் பூட்டிய கிட்டாரில் வெள்ளைக்கார மாட்டுக்காரர் பாட்டு வாசிப்பார். சிமியோன் தேவாலயப் பாட்டையும் பைலா ஆட்டப்பாட்டு வேகத்தில் வாசிப்பார். பிரதீபா புதிதாகப் பழகுகிற பிள்ளை. கிட்டார் இரவல், தெரிந்தது மூன்று சுரம்.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். வாசித்து முடிந்ததும் கேட்டவர்களில் ஒருவர் எழுந்து ஒரு நல்வார்த்தை சொல்லவேண்டும். கொம்பனாக இருந்தாலும் ஒன்று, பழகுகிற பிள்ளையாக இருந்தாலும் ஒன்று. அது உண்மையாக இருக்கவேண்டும். முந்திச் சொன்னதாக இருக்கக் கூடாது. இதில் சிசிலியா அக்காவை அடிக்க ஆளில்லாததால் அந்த வேலை நாளடைவில் அவருடையதாகிவிட்டது.

"ஐயா, உங்கடை தோடியைக் கேட்டவுடனை எனக்குப் பசிக்குது. கலியாண வீட்டிலை பந்திக்கு இருந்த மாதிரிக் கிடக்கு," என்பார் ஆழ்வாப்பிள்ளையிடம். அவர் வெட்கப்படுவார். பிரதீபாவிடம், "மூண்டாவது சுரத்துக்குக் காலாலை தண்ணி ஆழம் பாத்துப் பாத்து இறங்கினாய் பிள்ளை. நானும் உன்னோடை இறங்கினன்," என்பார். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் நாலு சுரத்தோடு வரும்.

நாயகமண்ணை வாசித்து முடிப்பார். அக்கா எழும்புவார். ஒரு கணம் யோசிப்பார்.

"நேரத்துக்குத் தொடங்கினவர்."

அடுத்த மாதம்: "கிட்டாரை வடிவாத் துடைச்சு வைச்சிருக்கிறார்." அதற்கடுத்த மாதம்: "சேட்டு மடிப்புக் குலையாமல் நல்லா மினுக்கியிருக்கு."

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணை சைக்கிளை நிறுத்த முன்னமே தொடங்கிவிட்டார்.

"இஞ்சை பாரும், அந்தப் பிள்ளை வாசிச்சது நாலு சுரம். அதுக்கு ஒரு பிரசங்கமே வைச்சனீர்."

"நல்லா இருந்தது. சொன்னன்."

"எனக்கு?"

"உங்களுக்கும் சொன்னனே."

"சேட்டு மினுக்கியிருக்கெண்டு."

"பொய்யே?"

"அதை மினுக்கினது நீர்."

"அப்ப பாராட்டு எனக்குத்தான். உங்களுக்கு ஏன் கோவம்?"

"என்ரை வாசிப்பிலை நல்லதா ஒண்டுமே இல்லையோ?"

"சோறு ஆறுது. வாங்கோ."

அண்ணை சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். இவளுக்குக் காது இருக்கிறது. ஊராருக்கெல்லாம் கேட்கிற காது எனக்கு மட்டும் ஏன் அடைக்கிறது? ஒன்று, புருஷனைப் பாராட்டினால் தலையில் ஏறிவிடுவான் என்று வேண்டுமென்றே மறைக்கிறாள். இல்லை, உண்மையிலேயே பாராட்ட ஒன்றும் இல்லை. இரண்டாவதை நினைத்தபோது அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பரிசோதகர் புத்தி வேலை செய்தது. டிக்கெட் இருக்கா இல்லையா என்று ஆளைக் கேட்டால் தெரியாது. எதிர்பாராத இடத்தில் ஏறவேண்டும்.

மறுநாள் சிமியோனைக் கடற்கரையில் பிடித்தார். சிமியோன் வட்டத்தின் செயலாளர். அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனாலும் வாய் இறுக்கமான ஆள் என்பது அண்ணையின் அபிப்பிராயம்.

"வாறமுறை திரைக்குப் பின்னாலை இருந்து வாசிப்பம் காணும். ஆர் வாசிக்கினம் எண்டு கேக்கிறவைக்குத் தெரியக்கூடாது. முகத்தைப் பாத்துக் கதைக்கிற பழக்கம் வட்டத்துக்கு நல்லதில்லை."

"ஆர் அத்தான் முகத்தைப் பாத்துக் கதைக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பொதுவாச் சொல்லுறன்."

"அக்காவோ?"

"பொதுவா எண்டு சொன்னனெல்லோ."

சிமியோன் மணலைக் காலால் கிளறினார். "திரைக்குப் பின்னாலை இருந்தும் அவ நல்லாச் சொல்லாட்டி?"

அண்ணை கடலைப் பார்த்தார். "கிட்டாரைப் பிரதீபாவுக்குக் குடுத்திட்டுப் பேசாமல் வீட்டோடை இருக்கிறன்."

"முழு நாளுமோ?"

"முழு நாளும்."

"வேண்டாம் அத்தான்," என்றார் சிமியோன். அவருக்குக் குரல் இடறியதாம். தன் வாசிப்பின் மேல் சிமியோனுக்கு அவ்வளவு பற்று என்று அண்ணை இன்றைக்கும் நெகிழ்ந்துபோய்ச் சொல்வார். திரை ஒன்று ஒழுங்குபண்ணும் பொறுப்பைச் சிமியோனிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின கிழமை முழுவதும் அண்ணை தன்னையே வேவு பார்த்தார். சிசிலி எதை வைத்து என்னைப் பிடிப்பாள்? எப்போதும் வாசிக்கிற மாதாப் பாட்டு. ஆகவே அதை விட்டுவிட்டு ஒரு பழைய நடனப் பாட்டைப் பின்னறையில் மெல்லப் பழகினார். அதிர்ஷ்டம் பாருங்கள், அந்தக் கிழமை அக்காவின் மெசின் ஓயாமல் ஓடியது. பெரிய வேலை ஏதோ. அந்தச் சத்தத்துக்குள் இவருடைய புதுப் பாட்டு ஒன்றும் வெளியே கேட்கவில்லை. அடுத்தது கைக்கடிகாரம், கிட்டாரில் முட்டிக் கிணுங்கும். அதைக் கழற்றுவதென்று முடிவு. அடுத்தது செருப்பு, நடந்தால் கிரீச்சிடும். அதுவும் வேண்டாம். கடைசியாக, வாசிக்க முன் தொண்டை செருமுகிற பழக்கம். அதற்கு ஆழ்வாப்பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஐயா, அண்டைக்கு வாசிக்க முன்னம் என்னை மாதிரி ஒருக்காச் செருமவேணும்."

"தம்பி, நான் செருமினால் வெத்திலை எல்லோ வெளியிலை வரும்."

"அண்டைக்கு மட்டும் வெத்திலை போடாதேயுங்கோ ஐயா. ஒரு குடும்ப விஷயம்."

இப்படி எல்லாம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தபோது உருக்குத் துண்டு கை நழுவி வலது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்து விரல் வீங்கியது. அக்கா ஊதா மருந்து பூசி, வெட்டுத் துணிக் கூடையிலிருந்து ஒரு பூப்போட்ட துண்டை எடுத்து வடிவாகக் கட்டிவிட்டார்.

"வெள்ளைத் துணி இல்லையோ?"

"இதுக்கென்ன குறை? நோவு தெரியாது."

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தின் குறுக்கே நீலத் திரை தொங்கியது. அண்ணை பரிசோதகர் கண்ணால் பார்த்தார். கெட்டித் துணி. நிழல் தெரியாது, ஓட்டை இல்லை. நிலத்திலிருந்து ஒரு சாண் கட்டையாக நின்றது, அவ்வளவுதான். "சிமியோன் அளவு பிழைச்சுப்போட்டான்," என்று அண்ணை சொல்வார். "ஆனால் தலை தெரியாட்டிச் சரிதானே."

வாசிக்கிறவர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். திரைக்குக் கிட்ட ஒரு கதிரை. முறை வந்தவர் அதில் இருக்கவேண்டும், மற்றவர்கள் பின்சுவரோடு நிற்கவேண்டும். முறையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் ஆழ்வாப்பிள்ளை. அவர் சொன்னபடியே செருமிவிட்டு, தோடியை விட்டு வேறேதோ வாசித்தார். முடிந்ததும் திரைக்கு அப்பால் அக்கா எழும்பும் சத்தம் கேட்டது.

"நேரத்துக்குத் தொடங்கினவர்," என்றார் அக்கா.

அண்ணைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செருமலைக் கேட்டு, ஆழ்வாப்பிள்ளையைத் தன் புருஷன் என்று நினைத்துவிட்டாள். மீன் தூண்டிலை விழுங்கிவிட்டது. பாவம், ஆழ்வாப்பிள்ளைக்குத்தான் முகம் வாடிப்போனது.

அடுத்ததாகப் பிரதீபா வாசித்தாள். அதற்குப் பிறகு அண்ணையின் முறை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்து கதிரையில் இருந்தார். வாசிக்க முன் திரையின் ஓரத்து நீக்கலால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். முன்வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. சிசிலியா அக்காவும் குனிந்திருந்தார். "பூசையிலைகூட இப்பிடி ஒரு பக்தியை நான் காணேல்லை," என்பார் அண்ணை.

வாசித்தார். நடுவில் ஒரு சுரத்தைத் தாண்டிப் போய், பதறித் திரும்பி வந்து பிடித்தார். முடிந்தது. கிட்டாரைப் பிரதீபாவுக்குக் கொடுக்கிற காட்சி கண்ணுக்கு முன் வந்தது.

அக்கா எழும்பினார்.

"இவர் சுரத்தைத் தாண்டிப் போட்டுத் திரும்பி வாறார்," என்றார் மெல்ல. "பிழை எண்டு சொல்லுவினம். எனக்கெண்டால், வாசலைக் கடந்து போன மனிசன் உள்ளுக்கை ஆரோ கூப்பிட்டுக் கேட்டுத் திரும்பி வாற மாதிரிக் கிடக்கு. இப்பிடி ஒருத்தர் வாசிச்சு நான் கேட்டதில்லை."

அண்ணை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "சிசிலி, அது நான்."

அக்கா வாயில் கையை வைத்தார். "நீங்களோ? நான் மயூரதன் எண்டெல்லோ நினைச்சன்."

மண்டபம் கைதட்டியது. சிமியோன் கண்ணைத் துடைத்தார். அக்கா முன்வரிசையில் இருந்த கோயில் ஃபாதரின் பக்கம் திரும்பினார். "ஃபாதர், இப்பிடி வாசிக்கிற மனிசனை என்ரை மெசின் சத்தத்துக்கை வைச்சு வீணாக்கிப்போட்டன். இனி ஒவ்வொரு நாளும் பின்னேரத்திலை இவர் இஞ்சை இருந்து வாசிக்கட்டும். மண்டபத் திறப்பைக் குடுங்கோவன்."

திறப்பு ஃபாதரின் அங்கிப் பொக்கெற்றுக்குள்ளேயே இருந்தது.

அன்றிலிருந்து அண்ணை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிட்டாரோடு மண்டபத்துக்கு வந்தால் விளக்கு வைக்கிற நேரம்தான் வீட்டுக்குப் போவார். குழம்புச் சட்டி திறப்பாரில்லாமல் கிடக்கிறது. துணிக்கணக்குக் கேட்க ஆளில்லை. "கெட்டிக்காரி தான்," என்பார் அக்காவைப் பற்றி, "ஆனால் ஒருக்கா மாட்டினாள்."

நான் மாற்றலாகி வந்து வட்டத்தில் சேர்ந்த பிறகு இந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். போன மாதமும் கேட்டேன். திரையைத் துவைக்கவென்று நானும் அவரும் அவிழ்த்துக்கொண்டிருந்தோம். அவர் "வாசலைக் கடந்து போன மனிசன்" என்ற இடத்துக்கு வந்து, கண்ணை மூடி நின்றார். அந்த வார்த்தையை ஒரு மனிதர் இவ்வளவு காலம் வாடாமல் வைத்திருந்தால், அதில் கை வைக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். அக்கா சொன்னது பொய்யாக இருக்கவும் தேவையில்லையே. பார்த்துக்கொண்டு சொன்னாலும் உண்மை உண்மைதானே. இப்படியெல்லாம் நினைத்தபடி, கையிலிருந்த திரையின் கீழ் விளிம்பைத் தடவினேன். தடிப்பாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு சாண் துணி உள்ளே மடித்து, தையல் ஒரு நூல் கோணாமல் அடித்திருந்தது. மேலே கயிறு கோக்கிற வளையங்களைப் பார்த்தேன். எல்லாம் பூப்போட்ட வெட்டுத் துணி.

"அண்ணை," என்றேன், "இந்தத் திரையை ஆர் தைச்சது?"

"அதை நான் விசாரிக்கேல்லை," என்றார்.