கெடுவுக்குள் ஒரு கல்யாணம்

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதன் கூடவே புகையையும் கண்டுபிடித்துவிட்டான். அந்தப் புகை எந்தத் தேதிக்குள் ஒழிய வேண்டும் என்று கண்டுபிடிக்க மட்டும் அவனுக்கு அறிவு போதவில்லை. மனிதகுலத்தின் அந்தப் பெருங்குறையைத் தீர்க்கத்தான் எங்கள் காற்றுத் தூய்மைத் துறை பிறந்தது. அதில் நான் 'கெடு அலுவலர்'; ஒலி மாசுக்கான கெடுவும் என் மேஜையில்தான் தூங்குகிறது. காற்றைச் சுத்தம் செய்வது என் வேலை அல்ல. அது யாருடைய வேலை என்று சட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். காற்று சுத்தமாக வேண்டிய தேதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதும், அது கிட்டே வந்ததும் நோகாமல் தூக்கி அடுத்த வருடத்தில் உட்கார வைப்பதும்தான் என் வேலை.

கெடு தாண்டினால் யாராவது வழக்குப் போடுவார்கள். மற்ற துறைகள் என்றால் பதறும். நாங்கள் காப்பி சொல்லுவோம். காப்பி ஆறுவதற்குள் 'சமரசம்' தயாராகிவிடும். நாங்கள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வழக்குப் போட்டவர் எங்களை மன்னிக்க வேண்டியதில்லை. நீதிபதி நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். எல்லாத் தரப்புக்கும் திருப்தி. காற்று இதில் ஒரு தரப்பு அல்ல.

எங்கள் கூட்ட அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் ரப்பர் வைத்து அடைக்கப்பட்டவை. மூலைக்கு ஒன்றாக ஆளுயரக் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரங்கள், கோயில் துவாரபாலகர்கள் மாதிரி நிற்கும். சுவரில் ஒரு அளவுக் கருவி. அதில் எப்போதும் பச்சை விளக்கு. சுத்தமான காற்றைப் பற்றி முடிவெடுக்கிறவர்களுக்குச் சுத்தமான காற்று எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? பொதுநலன் கருதி அந்தக் கஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பேண்டு மாஸ்டர் எங்கள் மேல் வழக்குப் போட்டார்.

கல்யாணங்களுக்கு ட்ரம்பெட் ஊதுகிறவர். ஊரில் அவருக்கு 'ஒரே மூச்சு' என்று பெயர். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறும்போது கடைசியாக ஒரு சுரத்தைப் பிடிப்பார். கார் கிளம்பி, தெருவைக் கடந்து, முனை திரும்பி மறையும் வரை அந்தச் சுரம் அறுபடாமல் நிற்கும். பெண்ணைப் பெற்றவர்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுவார்கள். ஆனால் அவர் வீட்டுக்குப் பின்னால் அனல்மின் நிலையம், முன்னால் லாரி நிறுத்தம். கொஞ்ச காலமாக, கார் தெருவின் பாதியைத் தாண்டுவதற்குள் மூச்சு தீர்ந்து இருமல் வந்துவிடுகிறது. காற்று தரத்துக்கு வந்திருக்க வேண்டிய கெடு எப்போதோ முடிந்துவிட்டது, என் மூச்சுக்குப் பதில் சொல்லுங்கள் என்பது வழக்கு.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"யாருய்யா அந்த ஆளு?"

"பேண்டு மாஸ்டர்ங்க ஐயா."

"வாசிக்கிறவனுக்குக் காத்து எதுக்குய்யா?"

"ஊதுறவருங்க ஐயா."

"ஓ. அப்ப நியாயமாத்தான் இருக்கு. சமரசம் பண்ணிடுவோம்."

துறை வக்கீல் ஒரு சமரசத்தை எழுதினார். அதைப் படித்தால் தாலாட்டு மாதிரி இருக்கும். பாதியில் தூக்கம் வரும். பேண்டு மாஸ்டர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, "இதுல ஒரு தேதி போட்டிருக்கே சார், அது வேலை நாளா, லீவு நாளா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். நல்லெண்ணத்தின் அடையாளமாக அவருடைய பேண்டையே வாசலில் வாசிக்கச் சொன்னார் இயக்குநர். வழக்குப் போட்டவனே வாத்தியம் வாசிக்கிற ஜனநாயகம் வேறு எங்கே உண்டு? இயக்குநரின் கார் அலுவலக கேட்டைத் தாண்டும் வரை அந்தக் கடைசிச் சுரம் நின்றது.

சில வாரத்தில் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பேண்டு மாஸ்டரின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பஸ் டெப்போவில் மெக்கானிக். தேதியைப் பார்த்தேன். எங்கள் கெடுத் தேதி. எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் துறை கொடுத்த கெடுவை நம்பி மண்டபம் பிடித்த முதல் குடிமகன் அவர்தான்.

பெருமை தாங்காமல் பத்திரிகையை வக்கீலிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"யோவ், இது காத்து சுத்தமாகிற தேதின்னு யாருய்யா அவர்கிட்ட சொன்னது?"

"பின்ன?"

"காத்து எந்தத் தேதிக்குள்ள சுத்தமாகணும்னு நாம முடிவு பண்ண வேண்டிய தேதி. படிச்சுப் பாக்கலியா நீ?"

சமரசங்களைப் படிப்பது என் வேலையில் சேராது. ஆனால் கெட்ட செய்தியைக் கொண்டுபோவது சேரும். கிளம்பினேன்.

பேண்டு மாஸ்டர் வீட்டில் ட்ரம்பெட்டுக்குத் தலையணை உறை போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் விரல் வைத்தால் மை மாதிரி கரி. அவருடைய மகள் ட்ரம்மைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேண்டில் பெரிய ட்ரம் அடிப்பவள் அவள்தான். மாப்பிள்ளையும் அங்கே இருந்தான். வீட்டு மிக்சியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க சார்! விருந்துல முதல் வரிசை உங்களுக்குத்தான்" என்றார் மாஸ்டர்.

"ஒரு சின்னத் திருத்தம் மாஸ்டர். அந்தத் தேதியில காத்து சுத்தமாகாது."

"அப்புறம் என்ன ஆகும்?"

"எந்தத் தேதியில சுத்தமாகணும்னு அன்னிக்கு முடிவு பண்ணுவோம்."

மகள் துடைப்பதை நிறுத்தினாள். "அதாவது, எங்க கல்யாணத் தேதி அன்னிக்கு எங்க கல்யாணத்துக்குத் தேதி சொல்லுவீங்க."

"ரொம்ப சரியாச் சொன்னேம்மா. எங்க வக்கீலுக்கு இதையே சொல்ல அரைநாள் ஆச்சு."

"அப்பா, இவங்க காத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தா நான் கிழவியாயிடுவேன். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம். கல்யாணத்தை முடிப்போம்."

மாஸ்டர் உறை போட்ட ட்ரம்பெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற பொண்ணுங்களையெல்லாம் ஊதி ஊதி அனுப்பி வச்சவன் நான். எம்பொண்ணை ஸ்பீக்கர் வச்சா அனுப்புவேன்? நீ கண்ணுக்கு மறையற வரைக்கும் ஒரே மூச்சு. அதுக்குக் காத்து வேணும் கண்ணு. அவ்வளவுதான்."

"பரவாயில்ல மாமா, நான் எங்க போயிடப் போறேன்" என்றான் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு இருமினான்.

கல்யாணம் தள்ளிப்போனது. இதில் எங்கள் துறையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்ன ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்கத் தயாராகத்தான் இருந்தோம். அன்றைக்கு அலுவலகம் விடுமுறை என்பதை யாரும் யோசிக்கவில்லை. திங்கள்கிழமை எடுக்கலாம் என்றால், ஊருக்குள் வைத்த அளவுக் கருவி தூசி அடைத்து நின்றுவிட்டது. தூசி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போய்விட்டது. ஆதாரம் இல்லாமல் முடிவெடுக்க நாங்கள் என்ன அரசியல்வாதிகளா?

பேண்டு மாஸ்டர் மறுபடி வழக்குப் போட்டார். மறுபடி காப்பி. மறுபடி சமரசம். இந்த முறை, கெடுவை முடிவு செய்ய ஒரு குழு. அந்தக் குழுவை அமைக்க ஒரு கெடு. மறுபடி வாசலில் பேண்டு. இயக்குநர் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் சுரம் அறுந்தது.

கண்ணாடியை இறக்கி இயக்குநர் பாராட்டினார். "போன தடவையவிட இது சுருக்கமா இருந்தது மாஸ்டர். கச்சிதம்!"

குழுவின் கெடுவும் வந்தது, போனது. மூன்றாவது சமரசத்துக்கு மாஸ்டரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மகளும் வந்தாள். மாடிப்படி ஏறியதில் அவருக்குப் பேச்சே வரவில்லை. அவரைக் கூட்ட அறையில் உட்கார வைத்தார்கள். வக்கீல் புதிய சமரசத்தைப் படிக்கத் தொடங்கினார். அவர் இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் ஒரு அதிசயம் நடந்தது. மாஸ்டரின் இருமல் நின்றது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து, திருட்டுத்தனமாகச் சுற்றிலும் பார்த்தார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"சார், அது என்ன பச்சை லைட்டு?"

"தரத்தை எட்டியாச்சுன்னு அர்த்தம்மா" என்றேன் பெருமையாக.

"எட்டியாச்சா? எங்க?"

"இங்கதான். இந்த ரூம்ல."

வக்கீல் படிப்பதை நிறுத்தினார். மூலைக்கு மூலை இயந்திரங்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

"அப்ப எங்களுக்குக் கெடு வேண்டாம்," என்றாள் அவள். "குழுவும் வேண்டாம். இந்த ரூமை ஒரு நாள் காலைக்குக் குடுங்க. இங்கேயே கல்யாணம் பண்ணிக்கிறோம்."

இயக்குநரும் வக்கீலும் மூலையில் போய் நின்று ரகசியம் பேசினார்கள். எங்கள் அறையில் ரகசியம் எல்லோருக்கும் கேட்கும்.

"ரூமைக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்யா."

"ஐயா, யோசிச்சுப் பாருங்க. கெடு போட்டு, கெடுவுக்குள்ளயே நிறைவேத்தற சமரசம். நம்ம துறையில இதுவரைக்கும் நடந்திருக்கா?"

இயக்குநரின் கண்கள் கலங்கின. "அறிக்கையில 'தரம் எட்டப்பட்டது'ன்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதலாம். எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அப்படியாக எங்கள் துறை வரலாற்றிலேயே முதல் முறையாக, சொன்ன நாளில், சொன்ன இடத்தில், சொன்ன தரத்தில் காற்று வழங்கப்பட்டது. திருமணப் பதிவாளர் வந்தார். நீள மேஜைக்கு வெள்ளை விரிப்புப் போட்டோம். ஆட்கள் அதிகமாக வந்தால் காற்று கெட்டுவிடும் என்பதால் இரு வீட்டாரும் சிக்கனமாக மூச்சு விடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் தாராளமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் அவரையும் அளவுக் கருவியையும் மாறி மாறி முறைத்தார். வெளிக்காற்று நுழைந்துவிடக் கூடாது என்று கதவை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்து முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேஜையிலிருந்து கதவை நோக்கித் திரும்பினார்கள். கார் இல்லை, தெரு இல்லை, முனை இல்லை. நடந்தால் பத்துப் பன்னிரண்டு அடி. அவ்வளவு தூரத்துக்கு ஒரே மூச்சு போதும்.

மாஸ்டர் ட்ரம்பெட்டின் உறையைக் கழற்றினார். எங்கள் துறையின் காற்றை வயிறு வரைக்கும் இழுத்தார். ஊதினார்.

அதே சுரம். முதல் நாள் வாசலில் கேட்ட அதே சுரம், கண்ணாடி ஜன்னல் அதிர எழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை மூச்சு விட மறந்தார். பெண் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்கு அவள் காலைத் தூக்குவதற்குள் சுரம் அறுந்தது.

பெண் நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பப் போய் மேஜையருகில் முன்பு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இன்னொரு தடவைப்பா. நான் மெதுவாத்தான் நடந்தேன். இப்ப ஓடியே போயிடறேன்."

அவர் சிரித்தார். மறுபடி உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. காற்று சுற்றிலும் நிறைய இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்குள்தான் இடம் இல்லை. இரண்டு கெடுக்களும் ஒரு குழுவும் அங்கே ஏற்கெனவே குடியேறிவிட்டன. ட்ரம்பெட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"போதும்பா," என்றாள் மகள். அவர் ட்ரம்பெட்டை இறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் சத்தமில்லாத அந்தச் சுரத்தினூடே ஓடாமல் நடந்து வந்தார்கள். நான் கதவைத் திறந்து விட்டேன். வெளிக்காற்று உள்ளே வந்தது. சுவரில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

என் கண்ணில் ஏதோ விழுந்திருக்க வேண்டும். கதவைத் திறப்பதற்கு முன்பே விழுந்தது. அந்த அறையில் அப்போது தூசி இருக்க வாய்ப்பே இல்லை என்று அளவுக் கருவி சொல்கிறது. கருவியை நான் நம்புகிறேன்.

இயக்குநர் நிசப்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஊருக்குள்ள இப்ப பேண்டு சத்தமே இல்லையோ?" என்றார்.

"வேற யாரும் ஊதறது இல்லீங்க ஐயா. எல்லாருக்கும் இதே கதைதான்."

அவர் முகம் பிரகாசித்தது. அன்று மாலையே அறிக்கை போய்விட்டது. அதை எழுதும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. ஒலி மாசைக் குறைக்க அரசு கொடுத்த கெடுவை நாங்கள் கெடுவுக்கு முன்பே எட்டிவிட்டோம். அதற்கு வழக்கு வேண்டியிருக்கவில்லை, குழு வேண்டியிருக்கவில்லை, சமரசமும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் சுத்தம் செய்யாத காற்றே போதுமானதாக இருந்தது.